பனிக்குள்ளே கூப்பிட்டால்

சென்ற மாதம் ஒரு காலை நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து மூன்று பேர் ரிங்லெட்டில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். அஸ்மானின் மகள் நூருலும் அவளுடைய இரண்டு சிநேகிதர்களும். அஸ்மான் என்னோடு ஹோட்டலில் வேலை பார்த்தவர், இசைத்தட்டு ஓட்டியவர். அவர் பெட்டியில் கிடந்த ஒரு பழைய கேசட்டை மகள் கண்டெடுத்திருக்கிறாள். அதில் என் குரலும் என் சாக்சபோனும் இருக்கின்றன. அதை வைத்து இந்தக் காலத்துக்கு ஏற்ப ஒரு பாட்டு செய்ய வேண்டும், அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். சிநேகிதர்களில் ஒருவன் சுரேன், நம் தமிழ்ப் பையன். மற்ற இருவருக்கும் சேர்த்து அவன்தான் பேசினான்.

"ஆன்ட்டி, இந்த மலையில மொத மொத ஹவுஸ் மியூசிக் பாடுனது நீங்கதான்னு நூருல் சொல்றா. உண்மையா?"

முதலில் யார் என்று எனக்குத் தெரியாது, பாடியது உண்மை என்றேன். நிற்காமல் ஒரே சீராக விழும் அடியின்மேல் இரண்டு மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடுகிற ஆட்ட இசை அது. தேயிலைத் தோட்டத்துப் பெண் அதைப் பாடினாள் என்பதே அவர்களுக்கு அதிசயம். தேநீர் கொடுத்தேன். கேசட்டைப் போட்டுக் காட்டினார்கள். முப்பது வருடங்களுக்குமேல் கேட்காத என் மூச்சை என் வீட்டுக் கூடத்திலேயே கேட்டபோது கையில் இருந்த கோப்பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

"கடைசியில நீங்க ஒரு சத்தம் ஊதுறீங்கல்ல, கீழருந்து மேல போறது, அது செம்மயா இருக்குலா. அதத்தான் எடுக்கப்போறோம். ஆனா அதுக்குப் பின்னாலயே வெளியருந்து ஏதோ ஒரு சத்தம் வருது. கம்ப்யூட்டர்ல அத கிளீன் பண்ணிடலாம். ஓகேவா ஆன்ட்டி?"

கொஞ்சம் நாள் கொடுங்கள், பதிலை எழுதியே தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் நான் நடுவில் அழுதுவிடுவேன், அவர்கள் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்தது இதே மலையில், பிரிஞ்சாங்குக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். பெயர் ராஜேஸ்வரி. ஹோட்டலில் ரோசி. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மிஷினைப் பார்த்துக்கொண்டவர். இலையை உருட்டிக் கசக்கும் அந்த மிஷினின் அடி எங்கள் வீட்டுச் சுவர் வழியாக இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும். அது நின்றால்தான் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். அப்பாவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஈப்போவில் ஒரு பழைய சாக்சபோன் வாங்கி, கல்யாண வீடுகளுக்கு பேண்டு செட் நடத்தினார்கள். செட் இரண்டு வருடத்தில் கலைந்தது. சாக்சபோன் எங்கள் கட்டிலுக்கு அடியில் தங்கிவிட்டது. அப்பா போன பிறகு நான் அதை எடுத்து ஊத ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டார் முதல் வருடம் திட்டினார்கள், இரண்டாம் வருடம் பழகிப்போனார்கள், மூன்றாம் வருடம் எந்தப் பாட்டு ஊத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். என் இசைப் படிப்பு அவ்வளவுதான்.

பதினாறு வயதில் அம்மாவோடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனேன். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் என் கதை விளங்காது.

ஒவ்வொரு பெண்ணுக்கும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு நிரை. ஒரு நிரையை முடித்துக்கொண்டு மேலே போய் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். மதியத்துக்குமேல் பனி இறங்கிவிட்டால் தன் கை தனக்குத் தெரியாது. மலையோ செங்குத்து, நடுநடுவே ஓடையும் பள்ளமும். அப்போது நிரையின் முனைக்கு வந்ததும் ஒரு முறை கூப்பிட வேண்டும். கீழே தொடங்கி மேலே ஏறி நிற்கும் ஒரு ‘ஊ’. நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். அதைக் கேட்ட பக்கத்து நிரைக்காரி அதேபோல ஒரு முறை பதில் கொடுக்க வேண்டும். மூன்று முறை விடாமல் கூப்பிட்டால் வழி தவறிவிட்டது, அல்லது விழுந்துவிட்டேன், வாருங்கள் என்று அர்த்தம். மூன்று கேட்டால் கூடையைப் போட்டுவிட்டுப் போயாக வேண்டும், வேலை வாங்கும் கங்காணி என்ன கத்தினாலும் சரி.

இதில் சண்டை, மனஸ்தாபம் எதுவும் செல்லாது. எங்கள் லயத்தில் மாரியாயி அக்காவும் அவருடைய நாத்தனாரும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் நான்கு வருடம் பேசாமல் இருந்தார்கள். பனியில் ஒருத்தி கூப்பிட்டால் மற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் கொடுப்பாள். பனி விலகியதும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பனியில் கொடுக்கும் பதில் பேச்சு ஆகாது என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட சட்டம். என் பக்கத்து நிரை அம்மாவுடையது. அம்மாவின் கூப்பாடு மற்றவர்களுடையதைப் போல நேராக ஏறாது. உச்சிக்குப் போவதற்கு முன்னால் ஒரு இடத்தில் லேசாக உடைந்து பிறகு ஏறும். ஆயிரம் பேர் கூப்பிட்டாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தின் மேல் எல்லையில் இருந்த ஹோட்டலுக்கு சாக்சபோன் ஊதி, பாடவும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் என் பெயரைச் சொல்லிவிட்டார். போகட்டுமா என்று நான் கேட்டதும் அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"குடிக்கிறவன் முன்னால நின்னு பாடுறதுக்கு ஒன்ன நான் வளக்கல. போறதுன்னா போ. போனா எங்கிட்ட பேசாத."

நான் போனேன். பிடிவாதத்தில் நான் அவர் மகள். அவரும் சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஹோட்டலுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் குடியிருப்பில் தங்கினேன். தீபாவளிக்குச் சேலை வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனால் அம்மா எனக்கு இலை போட்டுச் சோறு வைப்பார், கறி வைப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒன்பது வருடம் அப்படிப் போனது. சாப்பாட்டில் குறை வைத்திருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

ஹோட்டல் பேண்டுக்குத் தலைவர் ஜோசப் மாஸ்டர். ஈப்போக்காரர், பியானோ வாசிப்பார். ஒல்லியான மனிதர். சாம்பல் நிறக் கோட்டின் மேல் பொத்தானைக்கூட அவிழ்க்கமாட்டார். என் வேலையில் நான் கற்ற ஒழுங்கெல்லாம் அவர் முன்னால் நின்று வந்தது. குளிரில் சாக்சபோனின் சுருதி இறங்கிவிடும். பியானோ யாருக்காகவும் இறங்கி வராது. அதனால் நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் ஹோட்டல் சமையலறையில் ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். எல்லாச் சாவிகளையும் மூடி, சத்தம் வராமல் வெறும் மூச்சை மட்டும் மெதுவாக உள்ளே விட வேண்டும். ஊதும் மூங்கில் சீவலை, அதை ரீடு என்போம், நாக்கின் மேல் வைத்து ஈரப்படுத்த வேண்டும். பனிக்காலத்தில் சாவிகளுக்கு அடியில் இருக்கும் தோல் ஊறி ஒட்டிக்கொள்ளும். மெல்லிய காகிதத்தை இடையில் வைத்து அழுத்தி எடுத்தால் விடும். இவ்வளவும் முடிந்து மேடைக்கு வந்தால் மாஸ்டர் சாக்சபோனின் கழுத்தைத் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். ‘ம்’ என்றால் ஏறலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் மறுபடியும் சமையலறை.

நன்றாக ஊதினாய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், எல்லோரும் போன பிறகு, பியானோவை மூடிக்கொண்டே கேட்டார்.

"ரோசி, நீ ஒரு வரி முடிச்சதும் கொஞ்சம் நிக்கிறியே, யாரையோ எதிர்பாக்குற மாதிரி. யாரு சொல்லிக் குடுத்தா?"

எனக்கே அது தெரியாது. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பத்து வருடம் பனியில் கூப்பிட்டுப் பதிலுக்கு நின்ற பழக்கம் அது. மாஸ்டரிடம் சொன்னேன். அதை விட்டுடாதே என்றார்.

எண்பதுகளின் நடுவில் ஹோட்டல் கைமாறியது. புதிதாக வந்த மேனேஜர் மிஸ்டர் லிம் ஆட்ட அரங்கை டிஸ்கோ ஆக்கினார். பியானோ போயிற்று, மாஸ்டர் போனார், டிரம் அடித்தவரும் கித்தார்க்காரரும் போனார்கள். மாஸ்டர் பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, குளிரில் ஊதாதே என்று மட்டும் சொன்னார். அன்று நான் மிகவும் அழுதேன். என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இசைத்தட்டு ஓடும்போது மேலே பாடவும் ஊதவும் ஒரு ஆள் நின்றால் கூட்டம் வரும் என்பது மிஸ்டர் லிம்மின் கணக்கு.

அஸ்மான் முதன்முதலாக அந்த ஹவுஸ் தட்டைப் போட்டபோது சமையலறையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் அரங்கின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். தும், தும், தும், தும். மாறாத அடி, முடியாத அடி. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய ரோலர் மிஷின். யாரோ வெளிநாட்டில் எங்கள் தொழிற்சாலையை ஒளிந்திருந்து கேட்டுவிட்டு வந்து தட்டில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். கண்ணை மூடினால் நான் லயத்துக் கட்டிலில் படுத்திருந்தேன், அப்பா வேலையில் இருந்தார், அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டது.

சனிக்கிழமை பிற்பகல்களில், மூன்று மணிக்கு மேல், மலை ஏறி வரும் இளவட்டங்களுக்காக ஆட்டம் நடக்கும். அஸ்மானும் நானும் கண்ணாலேயே பேசிக்கொள்வோம். அவர் ஒரு விரலைத் தூக்கினால் இன்னும் நான்கு அடி, பிறகு நான் உள்ளே போக வேண்டும். உள்ளங்கையைக் காட்டினால் அடி நிற்கப் போகிறது, என் குரல் மட்டும் தனியாக நிற்கும். மூன்று மலாய் வார்த்தைகள், அவ்வளவுதான் பாட்டு. அவற்றையே அரை மணி நேரம் பாடுவேன். முதல் பத்து நிமிடம் வார்த்தைக்கு அர்த்தம் இருக்கும். பிறகு அது போய்விடும். மிதப்பது போல இருக்கும். நேரம் எங்கே போகிறது என்றே தெரியாது.

பிறகு மிஸ்டர் லிம் புகை மிஷின் வாங்கிவந்தார். முதல் நாள் அதை அளவு தெரியாமல் திருப்பிவிட்டார்கள். அரங்கு முழுவதும் வெள்ளையாகிவிட்டது. அஸ்மான் தெரியவில்லை, ஆடுபவர்கள் தெரியவில்லை, என் சாக்சபோனின் வாயே எனக்குத் தெரியவில்லை. அடி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நான் பயந்துபோனேன். அந்தப் பயத்தில் என்னை அறியாமல் சாக்சபோனில் அந்தக் கூப்பாட்டை ஊதினேன். கீழே தொடங்கி மேலே ஏறி நிற்கும் ‘ஊ’. நான் இங்கே இருக்கிறேன்.

புகைக்குள்ளிருந்து நூறு பேர் திருப்பி ஊளையிட்டார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அது பனிக்குள் கிடைத்த பதில். அன்றிலிருந்து அதுதான் என் முத்திரை. கோலாலம்பூரிலிருந்து அதற்காகவே வந்தார்கள். மிஸ்டர் லிம் சுவரொட்டியில் என் படத்தைப் போட்டார். புகை அதிகமாகி ஆட்கள் இருமியதால் தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னல்களைத் திறந்துவைக்க ஆரம்பித்தார்கள். கீழே இருந்தது பன்னிரண்டாம் நம்பர் மலை. அதில் சனிக்கிழமையும் வேலை நடந்தது. அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலம், கூட்டம் நெரிந்தது. வெளியில் உண்மையான பனி, உள்ளே மிஷின் பனி, ஜன்னலில் இரண்டும் கலந்துகொண்டிருந்தன. நான் ஒரு முறை கூப்பிட்டேன், கூட்டம் பதில் கொடுத்தது. போதையேறியது போல இருந்தது. இன்னொரு முறை ஊதினேன். கூட்டம் குதித்தது. மூன்றாவது முறையும் ஊதிவிட்டேன். மூன்று என்றால் என்ன என்று இந்த மலையில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிடம் நான் ரோசி, ராஜேஸ்வரி அந்த அரங்கிலேயே இல்லை.

கால் மணி நேரம் கழித்துச் சமையல்காரர் வந்து என் தோளைத் தொட்டார். பின்வாசலில் உன்னைத் தேடி ஆள் வந்திருக்கிறது என்றார்.

சமையலறைப் பின்வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். தலையில் முக்காடாகப் போட்டிருந்த சாக்கு நனைந்து சொட்டியது. கொழுந்து வெட்டும் கத்தரியை இன்னும் கையில் பிடித்திருந்தார். செடிகளுக்கு ஊடாக நேராக ஏறி வந்ததில் கைலி கிழிந்து, முழங்காலுக்குக் கீழே ரத்தம் வழிந்து காலில் மண்ணோடு கலந்திருந்தது. பின்னால் மாரியாயி அக்கா மூச்சு வாங்க நின்றார். அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கை, கால், முகம் எல்லாம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் பேசினார். ஒன்பது வருடத்தில் முதல் வார்த்தை.

"மூணு தடவ கூப்புட்டியே. என்னா ஆச்சு?"

உள்ளே தும் தும் என்று அடி விழுந்துகொண்டிருந்தது, ஆட்கள் சிரிப்பது கேட்டது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டார், என் சரிகைச் சட்டையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"சும்மா கூப்புட்டா, நாளைக்கு நெசமா விழுந்தவளுக்கு எவ வருவா? சொல்லு புள்ள."

திரும்பி நடந்தார். நான் ஓடிப்போய்க் காலுக்குக் கட்டுப் போடுகிறேன் என்றேன். நிற்கவில்லை. மாரியாயி அக்கா கொஞ்சம் பின்தங்கி என் காதோடு சொன்னார்.

"ஒவ்வொரு சனிக்கெழமயும் நீ ஒரு தடவ ஊதுவில்ல, அதுக்கெல்லாம் ஒங்கம்மாதான் கீழருந்து பதில் குடுக்கும். ஊதுறது நீதான்னு மொத நாளே தெரியும். நாங்க கேலி பண்ணுவோம்லா. யாரா இருந்தா என்னா, பனியில கூப்புட்டா குடுக்கணும்னு சொல்லும். ஒனக்குக் கேக்கலயா?"

கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? எனக்கும் ஜன்னலுக்கும் நடுவே அந்த அடி இருந்தது, நூறு பேரின் ஊளை இருந்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு வாரமும் அம்மா எனக்குப் பதில் கொடுத்திருக்கிறார், நான் வேறு யாருடைய பதிலையோ வாங்கிக்கொண்டு பூரித்து நின்றிருக்கிறேன்.

அன்று மாலையே மிஸ்டர் லிம்மிடம் போய் இனி அந்தக் கூப்பாட்டை ஊதமாட்டேன் என்றேன். காரணத்தைச் சொன்னேன். ஜன்னலை மூடிவிட்டு ஊது என்றார். புகை வந்தால் மறுபடியும் திறப்பீர்கள் என்றேன். வேறு எதை வேண்டுமானாலும் பாடுகிறேன் என்று கெஞ்சியும் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை, வியாபாரி. மற்றதெல்லாம் தட்டிலேயே இருக்கிறது, அந்தச் சத்தத்துக்காகத்தான் உன்னை வைத்திருக்கிறேன் என்று பொறுமையாக விளக்கினார். அந்த மாதத்தோடு வேலை முடிந்தது என்று பேசி முடித்தோம். ஒன்பது வருடம் எதற்காக அம்மாவை இழந்தேனோ அதுவும் கையை விட்டுப் போனது.

கடைசிச் சனிக்கிழமை. அஸ்மான் எனக்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று கேசட்டில் பதிவு செய்தார். என் மைக்கை ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தோம், நான் கேட்டுக்கொண்டபடி. மூன்று வார்த்தைகளைக் கடைசியாக ஒருமுறை நன்றாகப் பாடினேன். அப்புறம் அஸ்மானைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினேன். எப்போதும் அவர் எனக்குக் காட்டுவதை நான் அவருக்குக் காட்டினேன். தட்டு நின்றது. ஆட்டம் நின்றது. கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். எல்லோரும் அமைதியானார்கள்.

அன்று மலையில் பனியே இல்லை. மழை விட்டு நல்ல வெயில். பன்னிரண்டாம் நம்பர் மலையில் பெண்கள் ஒவ்வொருவராகத் தெளிவாகத் தெரிந்தார்கள். மேலிருந்து நான்காவது நிரையில் அம்மா, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலில் கட்டோடு. வெயிலில் கூப்பிட்டால் யாரும் பதில் கொடுக்க வேண்டியதில்லை. அது வழக்கத்தில் இல்லை. யாரையும் ஏமாற்றுவதும் ஆகாது. அதனால்தான் துணிந்தேன்.

ஒரு முறை ஊதினேன். ஒரே முறை. ஊதிவிட்டு நின்றேன்.

அம்மா திரும்பவில்லை. கத்தரி மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு நான் ஈப்போவிலும் பினாங்கிலும் எத்தனையோ ஹோட்டல்களில் பாடினேன், ஊதினேன். வேலை இல்லாத நாட்களில் லயத்து வீட்டுக்குத்தான் வந்தேன். அம்மா பேசினார், திட்டினார், என் சமையலைக் குறை சொன்னார், கடைசிவரை என் நிகழ்ச்சி ஒன்றுக்கும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது.

சுரேன், நூருல், நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. என் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுங்கள், ஒட்டுங்கள், வேகமாக்குங்கள். என் குரல் வேண்டாம் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். ஆனால் நான் ஊதி நின்ற பிறகு வெளியிலிருந்து வரும் அந்தச் சத்தத்தைத் தொடாதீர்கள். தூரத்தில் கீழே தொடங்கி, உச்சிக்குப் போவதற்கு முன்னால் ஒரு இடத்தில் லேசாக உடைந்து, பிறகு ஏறும். அது என் அம்மா.